அங்க யாரு கண்ணி? இங்க நாந்தான்

யாராச்சும் "உங்க பேர எழுதிக் குடுங்க"ன்னு கேட்டா நான் எழுதறதே இல்ல, ஆதார் கார்டை எடுத்து நீட்டிருவேன். எழுதிக் குடுத்தாலும் அவங்க திருப்பி எழுதும்போது வேற ஒருத்தி ஆயிருவேன், அந்த அனுபவம் நிறைய இருக்கு. என் பேரு அங்கயற்கண்ணி. தமிழ்ல எட்டு எழுத்து, இங்கிலீஷ்ல பன்னெண்டு. அதுவும் ஒரு கே போட்டா பன்னெண்டு, ரெண்டு கே போட்டா பதிமூணு, கடைசியில ஐ போடணுமா ஒய் போடணுமாங்கிறது ஃபாரம் நிரப்புறவரோட அன்னைக்கு மூட பொறுத்தது. ரேஷன் கார்டுல ஒண்ணு, பத்தாம் கிளாஸ் மார்க் ஷீட்ல ஒண்ணு, பேங்க் பாஸ்புக்ல ஒண்ணு. மூணையும் ஒரே ஆளுன்னு நிரூபிக்க ஸ்டாம்ப் பேப்பர் வாங்கி நோட்டரிகிட்ட நின்னவங்களுக்குத்தான் இந்த வலி புரியும்.

இங்கிலீஷ்ல எழுதினத அப்படியே வாசிச்சா 'அங்கயார்கண்ணி'ன்னு வரும். பெங்களூர்ல வேலை பார்த்தப்ப ஹிந்திக்காரப் பசங்க அத ரெண்டா வெட்டி அங்கயார்ங்கிறது பேரு, கன்னிங்கிறது குடும்பப் பேருன்னு முடிவு பண்ணி 'மிஸ் கன்னி'ன்னு மெயில் அனுப்புவாங்க. தமிழ்ப் பசங்க இன்னும் மோசம், "அங்க யாரு கண்ணி?"ன்னு கேட்டுட்டு அவங்களே சிரிச்சுக்குவாங்க, பதிலுக்கு "இங்க நாந்தான்டா"ன்னு சொல்லிச் சொல்லி அதுவே எனக்கு ஒரு பழக்கமாப் போச்சு. ஸ்கூல்ல கண்ணிவெடி, காலேஜ்ல கன்னித்தீவு. தினத்தந்தி படிச்சு வளர்ந்த ஊர்ல கன்னித்தீவுல இருந்து தப்பிக்க முடியாது, அது 1960-ல ஆரம்பிச்சு முடியவே இல்லாம ஓடுது, என்னையக் கிண்டல் பண்ணதும் அப்படித்தான்.

கல்யாணப் பத்திரிகையில ரெண்டு சுழி ன போட்டு 'அங்கயற்கன்னி'ன்னே அடிச்சுட்டு வந்துட்டாங்க. அப்பா பத்திரிகையக் கையில வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் அத்தனையும் கட்டி அப்படியே ஆட்டோல ஏத்தி அச்சகத்துக்கே திருப்பிக் கொண்டு போயிட்டாரு. எங்க சித்தப்பா "விடுண்ணே, கல்யாணம் முடியிற வரைக்கும் கன்னிதான, என்ன தப்பு"ன்னாரு. அப்பா அன்னைக்கு சித்தப்பாகிட்ட பேசல.

அப்பாவுக்கு இந்தப் பேர் மேல ஏன் இவ்வளவு பிடிப்புன்னா, அவரு கீழமாசி வீதியில ஒரு மளிகை மண்டியில கணக்கு எழுதினவரு. காலையில கடைக்குப் போறதுக்கு முன்னாடி மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டுத்தான் போவாரு. பெரிய பக்தின்னெல்லாம் சொல்ல மாட்டேன், அந்தக் காலத்துல மதுரைக்காரங்களுக்கு அது குறுக்கு வழி மாதிரி, கிழக்குக் கோபுரத்துல நுழைஞ்சு தெற்குல வெளிய வர்றது. அப்படிப் போறப்ப ஓதுவார் பாடுற தேவாரம் காதுல விழுந்துக்கிட்டே இருந்திருக்கு. அதுல ஒரு பதிகம், சம்பந்தர் பாடினது, மூணாந்திருமுறையில 120-ஆவது. அதோட முதல் பாட்டு இப்படி முடியும்:

அங்கயற் கண்ணி தன்னொடும் அமர்ந்த
ஆலவாய் ஆவதும் இதுவே.

ஏழாம் நூற்றாண்டுப் பாட்டு. பாண்டிய ராணி மங்கையர்க்கரசி ஆள் அனுப்பிச் சம்பந்தரை மதுரைக்கு வரச் சொல்றாங்க, அவரு ஊருக்குக் கிட்ட வர்றாரு, கோயில் எதுன்னு கேக்குறாரு, காட்டுறாங்க, உடனே "இதுதான் ஆலவாய்"னு பாடுறாரு. அதான் 'ஆவதும் இதுவே'. பதிகத்தோட முதல் வார்த்தையே 'மங்கையர்க்கரசி', அதுவும் பொம்பளைப் பேரு, அதுவும் ரெண்டு சொல் சேர்ந்த கூட்டுப் பேரு. அந்தம்மா சோழ நாட்டுப் பொண்ணு, 'வளவர்கோன் பாவை'ன்னு அடுத்த வார்த்தையிலயே சொல்லிருவாரு. ராணி பேர்ல தொடங்கி அம்மன் பேரை அந்த முதல் பாட்டு முடிவுலயே வைக்கிறாரு. சிவன் பெரிய சாமிதான், ஆனா அந்தப் பாட்டுல அவரோட அட்ரஸே 'அங்கயற்கண்ணி கூட இருக்கிறவரு'ங்கிறதுதான். 'உங்க வீட்ல மதுரையா சிதம்பரமா'ன்னு கேப்பாங்கல்ல, மதுரைன்னா வீட்டுல அம்மா ஆட்சி, சிதம்பரம்னா அய்யா ஆட்சி. அந்தக் கேள்விக்கு அன்னைக்கே பதில் சொல்லிட்ட மாதிரி எனக்குத் தோணும்.

அர்த்தம் கேக்குறவங்களுக்கு ஒரே மூச்சுல சொல்லிருவேன். அம்னா அழகு, கயல்னா மீனு, கண்ணின்னா கண்ணுள்ளவ. அழகான கயல்மீன் மாதிரி கண்ணு இருக்கிறவ. மீனாட்சியும் அதே அர்த்தம்தான், மீன் பிளஸ் அட்சம், என்ன அது வடமொழியில. மீனுக்கு இமை கிடையாது, தூங்கும்போதும் கண்ணு தொறந்தே இருக்கும், அப்படி அம்மன் ராப்பகலா ஊரப் பாத்துக்கிட்டே இருக்கான்னு சொல்லுவாங்க. இன்னொண்ணும் சொல்லுவாங்க, மீனு முட்டைய அடைகாக்காது, பார்வையாலயே குஞ்சு பொரிக்கும், அது மாதிரி அம்மனும் பார்வையாலயே நம்மள வளக்கிறான்னு. விஞ்ஞானமெல்லாம் அதுல பாக்கக் கூடாது. அப்பத்தா இதச் சொல்லும்போது "அதான் இந்தச் சிறுக்கி முறைச்சே காரியத்தச் சாதிக்கிறா"ன்னு என்னையச் சேத்துவிடும். இதுல ஒரு வேடிக்கை என்னன்னா கண்மாய் மீன் விக்கிறவர்கிட்ட போயி கயல் இருக்கான்னு கேட்டா நம்மள ஒரு மாதிரிப் பாப்பாரு. கெண்டை இருக்கு, ஜிலேபி இருக்கு, விரால் இருக்கும்பாரு. கயலு பாட்டுலயும் பாண்டியன் கொடியிலயும் பொண்ணுங்க பேருலயும்தான் நீந்துது.

அந்த ற் எப்படி வந்துச்சுன்னு எங்க தமிழய்யா எட்டாவதுல ஒரு பீரியட் பூரா நடத்துனாரு. கல் கூட கண்டு சேந்தா கற்கண்டு, நெல் கூட கதிர் சேந்தா நெற்கதிர், அதே மாதிரி கயல் கூட கண் சேந்தா கயற்கண். பேர் வச்சதுக்கு எனக்குக் கிடைச்ச ஒரே கௌரவம் அந்த ஒரு பீரியட்தான், கிளாஸே திரும்பிப் பாத்துச்சு. அடுத்த வருஷம் அவரு பரிதிமாற் கலைஞரப் பத்திப் பாடம் எடுத்தாரு. அவரு நம்ம விளாச்சேரிக்காரரு, திருப்பரங்குன்றம் போற பக்கம், 1870-ல பொறந்தவரு, சூரியநாராயண சாஸ்திரிங்கிற பேரத் தமிழாக்கி சூரியனுக்குப் பரிதி, நாராயணனுக்கு மால், சாஸ்திரிக்குக் கலைஞர்னு மாத்திக்கிட்டவரு. மால் கூட கலைஞர் சேரும்போது மாற்கலைஞர் ஆகுது. நான் எந்திரிச்சு "அய்யா என் பேர்ல இருக்கிற அதே ற்"ன்னேன். அய்யா முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். எழுத்துப் பிழையாவே எழுதப்படுற ஒரு எழுத்துக்குச் சொந்தக்காரங்க ரெண்டு பேர் கெடைச்சோம்ல.

சரி, இவ்வளவு பழைய பேரு, சொந்த ஊரு அம்மனோட பேரு, அர்த்தமும் ஜோரா இருக்கு, அப்புறம் ஏன் மதுரையில இந்தப் பேர்ல ஆளக் காணோம்? மீனாட்சின்னா எல்லாக் கிளாஸ்லயும் உண்டு, இனிஷியல் போட்டுத்தான் பிரிக்கணும். ஆம்பளைங்களே மீனாட்சிசுந்தரம்னு முன்னாடி அம்மன் பேரப் போட்டுக்கிட்டு மீசைய முறுக்கிட்டுத் திரியிற ஊரு. சுத்துப்பட்டுல மீனாள், முத்துமீனாள், பாண்டிமீனா, காரைக்குடிப் பக்கம் மீனாட்சி ஆச்சி. ஆனா ஒரு அங்கயற்கண்ணிய இன்னொரு அங்கயற்கண்ணி பாக்குறது அபூர்வம். தமிழ் முறைப்படி அடிக்கிற அழைப்பிதழ்ல 'அங்கயற்கண்ணி உடனுறை ஆலவாயண்ணல் திருவருளால்'னு மேல போட்டிருப்பாங்க, கீழ மணமகள் பேரப் பாத்தா தர்ஷினி.

நான் யோசிச்சுப் பாத்ததுல, ஒரு பேரு பரவுறதுக்கும் அதோட அர்த்தத்துக்கும் பெருசா சம்பந்தம் இல்ல. வாயி ஏத்துக்கணும். மூணு தெரு தள்ளி விளையாடுற பிள்ளைய சாப்பிடக் கூப்பிட அந்தப் பேரு தாங்கணும். "ஏய் மீனாச்சீ"ன்னு கத்தலாம், சீ-ய எவ்வளவு தூரம் வேணாலும் இழுக்கலாம். "அங்கயற்கண்ணீ"ன்னு கத்திப் பாருங்க, ற்-லயும் க-லயும் இடிச்சு நின்னுரும். கோயில்ல பண்ணோட பாடுறதுக்குச் செஞ்ச பேரு, தெருவுல கத்துறதுக்குச் செஞ்சதில்ல.

அப்பத்தாவுக்கு அது வாயில நுழையவே இல்ல. அதுக்குன்னு அது விட்டுக் குடுக்கல, "அங்காயி"ன்னு ஆக்கிருச்சு. ராக்காயி, மூக்காயி, அங்காயி. எங்க சோழவந்தான் வீட்டுல ஊர்க்காரங்க பாதிப் பேரு நான் அங்காளம்மன் பேரு வச்சவன்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க, அப்பத்தாவும் திருத்தல, அதுக்கும் அப்படித்தான் தோணியிருக்கும். அப்பத்தா பேரு மூக்கம்மா. அதுக்கு முன்னாடி பொறந்த பிள்ளைங்க தங்கல, அதனால இது பொறந்ததும் மூக்கக் குத்தி மூக்கம்மான்னு கூப்பிட்டிருக்காங்க, எமன் ஏமாந்து போயிருவான்னு ஒரு கணக்கு. குப்பையில உருட்டி எடுத்தா குப்பம்மா. இதெல்லாம் ஒரு பிள்ளைய இந்த உலகத்துலயே பிடிச்சு வைக்க வச்ச பேரு, அழகுக்கு வச்சதில்ல.

கூட்டுப் பேருன்னா எங்க பக்கத்துல வேற ஒண்ணும் உண்டு. ஹைஸ்கூல்ல எனக்கு மேல படிச்ச ஒரு அக்கா பேரு போதும்பொண்ணு. உசிலம்பட்டிப் பக்கத்துல இருந்து வந்தவங்க. வரிசையா பொம்பளப் பிள்ளையா பொறந்தா கடைசிப் பிள்ளைக்கு அப்படி வைப்பாங்க, இதோட நிறுத்து சாமின்னு அம்மனுக்கு அனுப்புற விண்ணப்பம் அது. விண்ணப்பத்தச் சுமக்குறது பிள்ளை. என் பேருக்கு அர்த்தம் கேட்டாத்தான் சொல்லணும், அந்த அக்கா பேருக்கு யாரும் அர்த்தமே கேக்க வேண்டியதில்ல, வருகைப் பதிவு எடுக்கிற ஒவ்வொரு தடவையும் கிளாஸுக்கே புரியும். பேரோட அர்த்தம் அர்த்தம்னு யாராவது சிலாகிச்சா எனக்கு அந்த அக்கா ஞாபகம்தான் வரும். அவங்க நல்லாப் படிச்சாங்க, கபடி ஆடுவாங்க, அவங்களக் கூப்பிடுறப்ப பிள்ளைங்க பாதியிலயே நிறுத்தி "பொண்ணக்கா"ம்பாங்க. யாரும் சொல்லிக் குடுக்கல, பிள்ளைங்களே கத்திரி போட்டுக்கிட்டாங்க.

இந்தக் கத்திரி எல்லாப் பெரிய பேருக்கும் விழும். எனக்கு விழுந்தது மூணு துண்டு. அப்பத்தாவுக்கு அங்காயி. அம்மாவுக்குக் கண்ணி, கோவம் வந்தா மட்டும் "கண்ணீ". ஃப்ரெண்ட்ஸுக்குக் கயலு. இதுல கயலுதான் பிழைச்சுது. ஏன்னா கயலுக்கு வெளியில ஆதரவு இருக்கு. தனித்தமிழ்க் காத்து அடிச்ச காலத்துல மீனாட்சியத் தமிழ்ப்படுத்துறேன்னு கெளம்புனவங்க கயல்விழின்னு வைக்க ஆரம்பிச்சாங்க. ஏற்கெனவே ஆயிரத்து முந்நூறு வருஷமா தமிழ்ல ஒரு பேரு இருக்குறப்ப புதுசா ஒண்ணு எதுக்குன்னு எனக்குக் கொஞ்சம் கோவம் உண்டு, ஆனா ஒத்துக்கணும், கயல்விழி வாயில வழுக்கிக்கிட்டு வருது. 2014-ல கயல்னு படமே வந்துச்சு, அதுல நடிச்ச ஆனந்திக்குக் கயல் ஆனந்தின்னே பேரு நிலைச்சுருச்சு. 2021-ல இருந்து சீரியல் வேற. இப்ப யார்கிட்டயாவது கயல்னு பேர் சொன்னா "சீரியல்ல வர்ற பேரா"ங்குறாங்க. சம்பந்தருக்கு வந்த நெலமையப் பாருங்க.

அம்மனுக்கே பேரு மாறிக்கிட்டுத்தான் இருந்திருக்கு, அதயும் சொல்லணும். பாண்டியர் காலத்துக் கல்வெட்டுல 'திருக்காமக்கோட்டத்து ஆளுடைய நாச்சியார்'னு இருக்கு. திருவிளையாடல் கதையில மலையத்துவச பாண்டியனுக்கும் காஞ்சனமாலைக்கும் யாக நெருப்புல இருந்து வந்த பொண்ணுக்குப் பேரு தடாதகை. தடாதகைன்னு இன்னைக்கு ஒரு பிள்ளைக்கு வச்சா ஸ்கூல்ல தாடகைம்பாங்க, அந்தப் பிள்ளை கதி என் கதிய விட மோசம். அவ்வளவு பேர்லயும் ஊரு கையில எடுத்தது மீனாட்சியத்தான். சித்திரையில பட்டாபிஷேகம் நடக்குறப்பவும் சரி, மறுநாளுக்கு மறுநாள் கல்யாணத்துல பொம்பளைங்க தாலிக்கயிறு மாத்துறப்பவும் சரி, "மீனாட்சி தாயே"ன்னுதான் கூட்டம் குரல் குடுக்கும். அங்கயற்கண்ணி ஓதுவார் வாயில பத்திரமா இருக்கா.

ஆனா ஒருத்தரு மட்டும் என்னைய ஒரு எழுத்து விடாம கூப்பிட்டாரு. அப்பா. கடையில இருந்து வந்து சைக்கிள ஸ்டாண்டு போட்டுட்டு வாசல்ல இருந்தே "அங்கயற்கண்ணி, தண்ணி கொண்டாத்தா"ம்பாரு. அந்த ற் அவரு நாக்குல தட்டுறது எனக்கு அடுப்படியிலயே கேக்கும். அவசரத்துலயும் சுருக்க மாட்டாரு, கோவத்துலயும் சுருக்க மாட்டாரு. ஒரு தடவ பஸ்ஸு கெளம்பிருச்சு, நான் இன்னும் ஏறல, பெரியார் பஸ் ஸ்டாண்டுல அத்தனை இரைச்சலுக்குள்ளயும் முழுப்பேரையும் சொல்லிக் கத்தினாரு, கண்டக்டர் விசில வாயில வச்சுக்கிட்டே "யோவ் பேரச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள திருமங்கலம் வந்துரும்யா"ன்னாரு. பஸ்ஸே சிரிச்சுது, அப்பா உள்பட. ஆனா அடுத்த வார்த்தையும் முழுப்பேருதான்.

இப்ப வீட்டுல இந்தப் பேச்சு திரும்ப வந்திருக்கு. தம்பிக்குப் பொம்பளப் பிள்ளை பொறந்திருக்கு, கிருத்திகை ஒண்ணாம் பாதம். அந்தப் பாதத்துக்கு 'அ' எழுத்துல பேர் வைக்கணும்பாங்க. மகமா இருந்தா மீ உண்டு, மீனாட்சின்னு வச்சுட்டுப் பேசாம இருக்கலாம், ஆனா பிள்ளை கிருத்திகையில பொறந்துருச்சு. குடும்ப வாட்ஸப் குரூப்ல அ-வுல ஆரம்பிக்கிற பேரா கொட்டுது. அக்‌ஷிதா, அனன்யா, அத்விகா, அகல்யா, ஆதிரா (அது ஆ-டான்னா கேக்க மாட்டேங்குறான்). கூட்டுத்தொகை அஞ்சு வரணும்னு ஒருத்தர், அதுக்காகப் பேருக்கு நடுவுல ஒரு ஹெச் சொருகலாம்னு இன்னொருத்தர். அந்த ஹெச்ச எந்தத் தமிழ் எழுத்தா எழுதுவீங்கன்னு கேட்டேன், யாரும் பதில் போடல.

அப்பத்தான் தம்பி பொண்டாட்டி ஃபோன் பண்ணி, "மதினி, நம்ம வீட்லயே ஒரு அ இருக்கே, உங்க பேரயே வச்சா என்ன, மாமாவுக்கும் பிடிச்ச பேரு"ன்னு கேட்டுச்சு. அப்பா போனதுக்கு அப்புறம் வீட்டுல பொறக்குற முதல் பிள்ளை, அந்த எண்ணத்துலதான் கேக்குதுன்னு புரிஞ்சுச்சு. எல்லாரும் நான் குதிப்பேன்னு நினைச்சிருப்பாங்க. எனக்கு உள்ளுக்குள்ள ரெண்டு ஓடுச்சு. ஒண்ணு, கூச்சமில்லாமச் சொல்றேன், இந்தப் பேருல நான் ஒருத்தியாவே இருக்குறது எனக்குப் பிடிச்சிருக்கு, இவ்வளவு பாடுபட்டுச் சம்பாதிச்ச பேரு. ரெண்டாவது, அந்தப் பிள்ளை வளரப்போறது ஓசூர்ல. பக்கத்து ஃபிளாட்டுல தெலுங்கு, கீழ கன்னடம், ஸ்கூல்ல இங்கிலீஷ். முதல் பேரு, கடைசிப் பேருன்னு ரெண்டு கட்டம் போட்ட ஃபாரத்துக்குள்ள எட்டெழுத்தயும் அப்பன் இனிஷியலயும் மடிச்சு மடிச்சு வைக்கணும்.

அதனால நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "நீ என்னன்னு கூப்பிடுவ?"

கொஞ்சம் யோசிச்சுட்டு, "கயல்னு கூப்பிட்டுக்கலாம்ல மதினி"ன்னுச்சு.

அப்படின்னா கயல்னே வச்சுருங்கன்னேன், இல்லாட்டி கயல்விழி. எழுத்து ஒத்து வரலைன்னா சோசியர் வேற வழி சொல்லுவாரு, அவங்களுக்கா வழி தெரியாது. ஆனா அங்கயற்கண்ணின்னு சர்டிபிகேட்ல எழுதி வச்சுட்டு வீட்டுல ஒருத்தரும் கூப்பிடலைன்னா அந்தப் பேரு ஃபாரத்துல தகராறு பண்றதுக்கு மட்டும்தான் இருக்கும். நான் இத்தனை ஸ்பெல்லிங் சண்டையும் போட்டது அப்பா கூப்பிட்ட தைரியத்துலதான். யாரோ ஒருத்தர் தினமும் முழுசா சொன்னாத்தான் அது பிள்ளைக்குச் சொந்தப் பேரு, இல்லைன்னா பரண்ல கெடக்குற பித்தளை அண்டா மாதிரி, நம்மளுதுன்னு சொல்லிக்கலாம், தண்ணி மோந்து குடிக்க முடியாது. தம்பி குரூப்ல "அக்கா வேண்டாங்குறா"ன்னு போட்டுட்டான். நான் வேண்டாங்கல. யாரு கூப்பிடுவாங்கன்னு கேட்டேன், ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. அவனுக்கு அத டைப் பண்ணிப் புரிய வைக்க முடியல.

அம்மாதான் குறுக்க வந்துச்சு. "நான் கூப்பிடுறேன்"ன்னு. இத்தனை வருஷமா என்னைக் கண்ணின்னே கூப்பிட்ட அம்மா. நான் சிரிச்சுட்டேன். "நீ இருக்குறது மதுரையில, பிள்ளை இருக்குறது ஓசூர்ல"ன்னேன். "ஃபோன் எதுக்கு இருக்கு, வீடியோ கால்ல கூப்பிடுறேன், நீ பேசாம இரு"ன்னு என் வாயை அடைச்சுட்டு, அங்கயற்கண்ணி அங்கயற்கண்ணின்னு சத்தமா சொல்லிப் பாத்துச்சு. ற் சுத்தமா வந்துச்சு, அப்பாவ விட நல்லா வந்துச்சுன்னு கூடச் சொல்லலாம். தெரிஞ்சே இத்தனை காலம் சுருக்கியிருக்கு. ஏம்மா அப்படின்னு கேட்டா, "உங்கப்பா கூப்பிடுறதுக்குன்னு வச்ச பேரு அது, நான் எதுக்கு நடுவுல"ங்குது.

சம்பந்தியம்மா இன்னும் அக்‌ஷிதா பக்கம்தான் நிக்கிறாங்க. பொறப்பைப் பதிஞ்சாச்சு, பேரு கட்டம் காலியாத்தான் இருக்கு, பன்னெண்டு மாசத்துக்குள்ள காசு கட்டாம பேரு சேத்துக்கலாம், அதுக்கு மேலன்னா தாமதக் கட்டணம், அப்படியே பதினஞ்சு வருஷம் வரைக்கும் வழி இருக்கு, அதனால தம்பி அவசரமே படல. அத்தை முறைக்குப் பிள்ளை காதுல மூணு தடவ பேர் சொல்ல வேண்டியவ நான், வெள்ளிக் கொலுசு எடுத்து வச்சிருக்கேன், எந்தப் பேரச் சொல்லணும்னுதான் இன்னும் யாரும் சொல்லல. அதுவரைக்கும் அந்தப் பிள்ளைக்கு வீட்டுல பேரு குட்டிம்மா.